ஒருத்தன் கையும் படல

நெருக்குதா சார்? கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகர்ந்துக்குங்க. என்ன பண்றது, எந்த பஸ்ஸுல ஏறினாலும் எனக்கு ஒன்றரை சீட்டு ஆகிடுது. சிங்கம்புணரில ஏறினதுலேர்ந்து நின்னுக்கிட்டேதான் வந்தேன். கண்டக்டர்தான், "உட்காருய்யா, பின்னால இருக்கிறவங்களுக்கு ரோடே தெரியல"ன்னு சத்தம் போட்டாரு.

எனக்கு வேலூர் சார். சத்துவாச்சாரி. கேள்விப்பட்டிருப்பீங்க, எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு வெயிட் தூக்குறவன் இருப்பான். நானும் தூக்கினேன். பேரு தணிகைவேல். இப்ப ஒரு ஜிம்முல மாஸ்டரா இருக்கேன். இல்ல, இல்ல, இந்தப் பக்கம் எனக்குச் சொந்தமெல்லாம் கிடையாது. ஒரு கபடி மேட்சுக்கு வந்தேன். வருஷா வருஷம் வருவேன். சேவுகன் நினைவா அவங்க ஊர்ல நடத்துறாங்க.

சேவுகன் எங்க டீம் ஆளு. கபடி டீம் இல்ல. அமெரிக்கன் ஃபுட்பால்.

சிரிக்காதீங்க சார். எல்லாரும் சிரிக்கத்தான் செய்யறாங்க. பேருலதான் ஃபுட்டு, ஆடுறது கையால. பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். தலையில ஹெல்மெட்டு, தோள்ல கவசம். மெட்ராஸ்ல ஜெபசிங் சார்னு ஒருத்தர், அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தவரு, தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்டைப் பிடிச்சு டீம் சேர்த்தாரு. வெயிட் தூக்குறவங்க வேணும்னு எங்க ஊருக்கு வந்தாரு. நான் போனேன். கூடவே என் சிநேகிதன் தாமோதரனும் வந்தான்.

ஆட்டம் என்னன்னா, நடுவுல ஒருத்தன் நிப்பான். குவார்ட்டர்பேக்குன்னு பேரு. பந்து அவன் கைக்குத்தான் முதல்ல வரும். எறியறதா, தூக்கிட்டு ஓடறதான்னு அவன்தான் முடிவு பண்ணணும். எதிராளிங்க அத்தனை பேரும் அவன் மேல பாய்வாங்க. அவனுக்கு முன்னால நாங்க அஞ்சு பேரு. லைன்னு சொல்லுவாங்க. பந்தைத் தூக்கிட்டு ஓடறது, கோல் போடறது, கைதட்டு வாங்கறது, எதுவும் எங்களுக்குக் கிடையாது. வர்றவனை நெஞ்சால நிறுத்தணும், அவ்வளவுதான் வேலை. சட்டையைப் பிடிச்சு இழுத்தா ரெஃப்ரி கொடியைத் தூக்கி எறிஞ்சிடுவாரு. பிடிக்காம நிறுத்தணும்.

அதுல இடது ஓரம் என் இடம். வலது கையால எறியறவன் உடம்பைத் திருப்புறப்போ இடது பக்கம் அவனுக்குத் தெரியாது பாருங்க. அவன் பார்க்காத பக்கத்தை நான் பார்க்கணும். ஆனா ஒண்ணு, நான் அவனைப் பார்க்க முடியாது. எதிராளியைப் பார்த்துல்ல நிக்கிறேன்? யாரைக் காப்பாத்துறனோ அவன் எப்பவும் என் முதுகுக்குப் பின்னால. லைன்ல நிக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது சார். திரும்பினா போச்சு.

சேவுகன் கபடில பாடிப் போறவன். ஒல்லியா, கருப்பா, கணுக்கால் மட்டும் முறுக்குக் கம்பி மாதிரி. எங்கேயோ டோர்னமெண்ட்ல பார்த்து ஜெபசிங் சார் அழைச்சுட்டு வந்தாரு. கையில பந்தைக் கொடுத்து, "இந்த அஞ்சு பேருக்குப் பின்னால நில்லு"ன்னாரு. அவன் எங்க நிக்கிறது? பந்து வந்ததும் வலது பக்கமா ஒரே ஓட்டம். நாங்க சுவர் மாதிரி நிக்கிறோம். சுவர் இருக்கு, உள்ள ஆளில்ல. முதல் மேட்சுல அவனைப் புரட்டி எடுத்துட்டாங்க.

சாருக்குக் கோபம். "ஓடாதடா, நின்னு எறிடா"ன்னு கத்தினாரு.

"நின்னா மூச்சு முட்டுது சார்"னான் அவன். மெதுவாத்தான் சொன்னான். அவன் எப்பவுமே மெதுவாத்தான் பேசுவான்.

அன்னைக்கு ராத்திரி எல்லாம் யோசிச்சுட்டு, காலையில நான் சார்கிட்ட போய்ச் சொன்னேன். "அவனை நிறுத்தாதீங்க சார். எங்களை மாத்துங்க. ஓடற ஆளுக்கு நிக்கிற சுவர் எதுக்கு? சுவரும் கூட ஓடணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "உன்னால முடியுமா?"ன்னாரு. "லைனை என்கிட்ட விடுங்க"ன்னேன்.

விட்டாரு. மலை மாதிரி இருந்தவனையெல்லாம் டீமை விட்டு நிறுத்தினேன். தாமோதரனையும் நிறுத்தினேன். சின்ன வயசுலேர்ந்து ஒரே தட்டுல சாப்பிட்டவன். "யாருக்காகடா என்னைத் துரத்துற?"ன்னு கேட்டான். "டீமுக்காக"ன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவன் பேசறதில்ல. பரவாயில்ல, பெரிய காரியத்துல சிலது போகும். காசிமேட்டுல ஐஸ் பெட்டி தூக்குற அமலனைப் பிடிச்சேன். எடை கம்மி, ஆனா ஈரத் தரையில வழுக்காம ஓடற காலு. அந்த மாதிரி ஆளுங்களாப் பார்த்துச் சேர்த்தேன்.

வித்தையைச் சொல்லிக் கொடுத்தது சேவுகன்தான். "அண்ணே, கபடில கை கோத்துச் சங்கிலி பிடிச்சு நிக்கையில ஒருத்தன் அசைஞ்சா எல்லாரும் அசையணும். அசையலைன்னா கை அத்துப் போகும்"னான். நான் துண்டால அஞ்சு பேர் இடுப்பையும் கட்டினேன். காலையில வெயில் ஏறுற வரைக்கும் நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடுவோம். ஒருத்தன் விழுந்தா அஞ்சு பேரும் விழுவோம். கிரவுண்டைச் சுத்தி நடக்க வர்ற பொம்பளைங்க வாயைப் பொத்திச் சிரிப்பாங்க.

துண்டை அவிழ்த்த அப்புறம்தான் இன்னொரு கஷ்டம் வந்தது. அவன் எந்தப் பக்கம் போறான்னு எப்படித் தெரியும்? திரும்பக் கூடாதே. அதனால காதைத் தீட்டிக்கிட்டேன். அவன் வலது கால் அழுத்தி விழும், இடது கால் தரையை உரசிட்டுப் போகும். டப்பு, சர்ரு. டப்பு, சர்ரு. அதைக் கேட்டே நகர்வேன். நான் நகர்ந்தா லைனே நகரும். ஒரு மாசம் போனதும் அந்தச் சத்தம் எனக்குச் சாப்பிடறப்போ கேட்க ஆரம்பிச்சது, தூங்கறப்போ கேட்க ஆரம்பிச்சது. சேலையூர்ல ஒரே ரூம்ல இருந்தோம். அவன் பாத்ரூமுக்கு எழுந்து போனாக்கூட என் உடம்பு படுக்கையில அந்தப் பக்கமா நகரும். நிஜமாத்தான் சார்.

அப்புறம் நாங்க தோக்கல. பெங்களூர்க்காரன், புனேக்காரன், எல்லாரையும் அடிச்சோம். சேவுகன் புழுதியே படாத சட்டையோட வெளிய வருவான். ஊருக்கு போன் போட்டு தங்கச்சிகிட்ட சொல்லுவான், "மீனா, எனக்கு முன்னால தணிகை அண்ணன் நிக்கிறாரு, ஒரு பய தொட முடியாது." போனை என்கிட்ட கொடுப்பான். அந்தப் பொண்ணு, "எங்க அண்ணனைப் பத்திரமாப் பார்த்துக்குங்கண்ணே"ன்னு சொல்லும். மீனாள்னு பேரு. அப்பா அம்மா இல்ல, இவங்க ரெண்டு பேர்தான்.

நான் எவ்வளவு கூர்மையா இருந்தேன்னு உங்களுக்குச் சொல்லணும். ஃபைனலுக்கு முந்தின வாரம் பிராக்டிஸ். அவன் வலது பக்கம் ஓடறான், நானும் நகர்றேன். திடீர்னு வெட்டித் திரும்பி என் முதுகை ஒட்டி வர்றான். நான் அதையும் கேட்டுட்டேன். கேட்டு, முழங்கையை மடக்கி ஒரு சுத்து சுத்தினேன் பாருங்க, அவன் ஹெல்மெட்டு மேல டங்குன்னு பட்டுச்சு. மல்லாக்க விழுந்தான். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துட்டே கிடந்தான். அப்புறம் எழுந்து உட்கார்ந்து சிரிச்சான். "என்னண்ணே, சுவரே வந்து முட்டுது?"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். அவ்வளவு கிட்ட வந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும்னு சொல்ல வந்தேன், வேற ஒண்ணுமில்ல.

அந்த வாரம் அவனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. வெயில் சார், மெட்ராஸ் வெயில் இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒத்துக்காது. காலையில வாந்தி எடுத்தான். டியூப்லைட்டைப் போட்டா கண்ணை மூடிக்குவான். அமலனைப் பார்த்து, "டேய் அடைக்கலம்"னு கூப்பிட்டான். அடைக்கலம்ங்கிறது அவன் மச்சான், மீனாள் புருஷன். அமலன் அதை வெச்சு ரெண்டு நாள் கேலி பண்ணினான்.

சாயங்காலம் மொட்டை மாடியில துணி எடுக்கப் போனப்போ என்கிட்ட மட்டும் சொன்னான். "அண்ணே, தலைக்குள்ள ஏதோ கொதிக்கிற மாதிரி இருக்குண்ணே. சார்கிட்ட சொல்லவா?"

"சொன்னா உன்னை வெளிய உட்கார வெச்சிடுவாருடா. ஃபைனல்டா"ன்னேன்.

அவன் கொடியிலேர்ந்து துணியை உருவ ஆரம்பிச்சான்.

"நான் இருக்கேன்ல? ஒருத்தன் கையும் உன் மேல படாது. இது என் வாக்கு."

"சரிண்ணே"ன்னான். சட்டுனு ஒத்துக்கிட்டான். அவ்வளவு நம்பிக்கை சார் என் மேல. நானே கீழே போய் மாத்திரை வாங்கிட்டு வந்து கொடுத்தேன். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். சொந்த அண்ணன் செய்வானா?

ஃபைனல் ஹைதராபாத் டீமோட, எங்க கிரவுண்டுல. எனக்கு எதிர்ல நின்னவன் என்னை விடப் பெரிய ஆளு. தெலுங்கன். அன்னைக்கு நான் ஆடின மாதிரி நான் என்னைக்கும் ஆடினதில்ல. இருங்க, வீடியோ இருக்கு, போன்ல வெச்சிருக்கேன். இதோ. இந்த வெள்ளைச் சட்டை, இடது ஓரம், நான்தான். பாருங்க, ஒருத்தனாவது என்னைத் தாண்டினானா? இதோ இதுல? இதுல? எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க. யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புவேன்.

கடைசிப் பகுதி மட்டும் நான் போட மாட்டேன். வாயால சொல்றேன்.

பந்து வந்தது. டப்பு, சர்ரு, வலது பக்கம் போறான். நாங்க நகர்றோம். டப்பு, சர்ரு, திரும்பி இடது பக்கம் வர்றான், எனக்கு நேர் பின்னால. அங்க வந்து சத்தம் நின்னுது. எறியப் போறான்னு நினைச்சேன். எறியறப்போ கால் நிக்கும்ல? அதனால என் ஆளை இன்னும் அழுத்திப் பிடிச்சேன், பிடிக்கலை, நெஞ்சால முட்டினேன். அப்போ அந்தத் தெலுங்கன் தள்றதை விட்டுட்டான். என் தோளுக்கு மேல எதையோ பார்க்கிறான். அவன் கண்ணு ரெண்டும் அகலமாச்சு. "அண்ணா"ன்னான் என்னைப் பார்த்து. "அண்ணா, அண்ணா"ன்னான். நான் அதை ஏமாத்து வேலைன்னு நினைச்சு அவனைக் கீழே தள்ளி மேல படுத்துக்கிட்டேன். விசில் அடிக்கிறாங்க, நான் விடல. அமலன் வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். அப்புறம்தான் திரும்பினேன். கிரவுண்டுல கடைசியாத் திரும்பினது நான்தான்.

பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்திருந்தான். தூங்குற மாதிரி. ஆனா காலு மட்டும் உதறிக்கிட்டு இருந்தது. அவனைச் சுத்தி ஒருத்தனும் இல்ல சார். எங்க லைனைத் தாண்டி ஒரு எதிராளி இல்ல. புல்லுல அவன் மட்டும் தனியா.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண்ணைத் திறக்கவே இல்ல. மீனாளும் அடைக்கலமும் ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. டாக்டர் என்னவோ சொன்னாரு, மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, இது இன்னைக்குப் பட்ட அடி இல்ல, பழைய அடின்னாரு. எங்க பழைய அடி? நான் நின்ன வரைக்கும் அவன் மேல யார் கை பட்டது? கபடில பட்டிருக்கும். சின்ன வயசுலேர்ந்து ஆடறவன், எங்கேயாவது விழுந்திருப்பான். ஜெபசிங் சார் டீமைக் கலைச்சுட்டு எங்கேயோ போயிட்டாரு. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசல. நான் என்ன தப்பு பண்ணினேன்?

அதுலேர்ந்து கேட்குது சார்.

என்னதுன்னு கேட்கறீங்களா? அந்தக் கால் சத்தம்தான். டப்பு, சர்ரு. மார்க்கெட்ல போறப்போ பின்னால வரும். ஜிம்முல கண்ணாடி முன்னால நின்னா பின்னால வரும், கண்ணாடியில மட்டும் யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு தடவை சுவத்துல முதுகை ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். சுவத்துக்குள்ளேர்ந்து வந்தது. என் சம்சாரம் வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போனா. பூசாரி, "திரும்பிப் பார்க்காம போயிடு"ன்னு சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் என்னைக்குய்யா திரும்பிப் பார்த்தேன்? சம்சாரம் இப்ப அவங்க அம்மா வீட்டுல இருக்கா. "என்கிட்ட பேசறப்போகூட எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறீங்க"ங்கிறா. நான் அவளுக்குக் குறுக்க நிக்கிறேன், காவலுக்கு. அது அவளுக்குப் புரியல.

பயமெல்லாம் இல்ல. பயந்தா அவன் ஊருக்கு வருவேனா? சத்தம் வலது பக்கம் போனா நானும் வலது பக்கம் ரெண்டு அடி வைப்பேன். ரோட்டுல போறவங்க குடிகாரன்னு நினைச்சுக்குவாங்க. நினைக்கட்டும். வாக்கு கொடுத்தவன் நான்தானே.

ஆனா ஒண்ணு சார், அந்த ஊர்க் கபடி கிரவுண்டுல மட்டும் வேற மாதிரி. அங்க போய்க் கோட்டுக்குப் பக்கத்துல முதுகைக் காட்டிட்டு நிப்பேன். ஆமா, மேட்சைப் பார்க்க மாட்டேன். சின்னப் பசங்க, "டேய், இந்த மாமா மேட்சு பார்க்க வந்துட்டு ஆலமரத்தைப் பார்க்கிறாருடா"ன்னு சிரிக்கும். பின்னால பாடிப் போறவங்க கால் சத்தம் நிறையக் கேட்கும். அத்தனை கால் சத்தத்துல அவன் சத்தம் கரைஞ்சு போயிடும். ஒரு நாள் முழுக்க நிம்மதியா இருப்பேன். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான்.

மீனாள் வருஷா வருஷம் மோர் கொண்டு வந்து கொடுக்கும். வீட்டுல இலை போட்டுச் சோறு போடும். அடைக்கலம் பக்கத்துல உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கங்கண்ணே"ம்பான். நான் வீடியோவைப் போட்டுக் காட்டுவேன். பாரும்மா, ஒருத்தன் கையும் படலன்னு சொல்லுவேன். அது பார்க்கும்.

நேத்தும் அப்படித்தான் மோர் கொண்டு வந்தது. நான் முதுகைக் காட்டிட்டு நிக்கிறேன், அது சுத்தி வந்து என் முன்னால நின்னுது. சொம்பைக் கொடுத்துச்சு. நான் பாதி குடிச்சிருப்பேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல கிடக்கு. அந்த டாக்டரு பழைய அடின்னு சொன்னாருல்ல? அப்படின்னா அண்ணனுக்கு முன்னாடியே வலிச்சிருக்கணும். எங்ககிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லல. யாருகிட்டயுமே சொல்லாம உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டுச் செத்துப் போச்சேன்னு நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது."

பாவம், அண்ணன் தனியா கஷ்டப்பட்டான்னு நினைச்சுட்டு இருக்கு. அந்த ஆறுதலாவது கொடுக்கலாமேன்னு சொன்னேன். "யாரும்மா அப்படிச் சொன்னது? என்கிட்ட சொன்னான்மா. என்கிட்ட மட்டும் சொன்னான். அவன் என்கிட்ட எதையுமே மறைச்சதில்ல. தலைக்குள்ள கொதிக்குதுன்னான். சார்கிட்ட சொல்லவான்னு கேட்டான். நான்தான் வேண்டாம், நான் பார்த்துக்கறேன்னேன். மாத்திரைகூட நான்தான் வாங்கிக் கொடுத்தேன். உன் அண்ணன் தனியா இல்லம்மா."

அழும்னு நினைச்சேன். அழல. என் முகத்தையே பார்த்துட்டு நின்னுது. அப்புறம் என் கையிலேர்ந்து சொம்பை வாங்கிக்கிச்சு. பாதி மோர் இருந்தது சார் அதுல. அதைக் கீழே ஊத்திட்டு நடந்து போயிடுச்சு.

நேத்துச் சோத்துக்குக் கூப்பிட யாரும் வரல. கூட்டம் அதிகம், வேலை இருந்திருக்கும். கோயில் மண்டபத்துல படுத்துக்கிட்டேன். இன்னைக்குக் காலையில சொல்லிட்டுக் கிளம்பலாம்னு வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ள பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். சத்தம் நின்னுது, கதவு திறக்கல.

பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்போ அடைக்கலம் வண்டியில வந்தான். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். "மீனா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு"ன்னான்.

"கேளு மாப்ளே."

"மச்சான் உங்ககிட்ட அதைச் சொன்னது எப்ப?"

"ஃபைனலுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி"ன்னேன். "மொட்டை மாடியில. துணி எடுத்துட்டு இருந்தோம்."

தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம் ஹேண்டில்பாரைப் பார்த்தான். பஸ் வந்துடுச்சு.

"அப்ப கிளம்பறேன் மாப்ளே. மீனாகிட்ட சொல்லிடு, அடுத்த வருஷம் வரேன்னு"ன்னேன்.

எப்பவும் அவன்தான் என் பையைத் தூக்கி பஸ்ஸுல வைப்பான். "போயிட்டு வாங்கண்ணே"ம்பான். இந்தப் பக்கத்து ஆளுங்க சாவு வீட்டைத் தவிர வேற எங்கேயும் 'போ'ன்னு தனியாச் சொல்ல மாட்டாங்க, உங்களுக்கே தெரியும்.

"போங்க"ன்னான் சார். வண்டியைத் திருப்பிக்கிட்டே சொன்னான். அவ்வளவுதான்.

பஸ் சத்தத்துல மிச்சம் எனக்குக் கேட்காம போயிருக்கும். இல்ல, அவசரத்துல சொல்ல விட்டுட்டான். அப்படித்தானே சார் இருக்கும்? ஏன் சார் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?